செவலையைக் கொடுப்பதற்கில்லை

சுங்குவார்சத்திரம்,
18-11-1973

அன்புள்ள லீலாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சௌக்கியம். நாக்பூர் குளிரில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மழை நன்றாகப் பிடித்து ஏரி கலங்கல் வழிகிறது, நட்ட பயிரெல்லாம் தேறிவிட்டது. சித்தி மகள் கங்காவுக்கு வாலாஜாபாத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது, தை பிறந்ததும் பேசுவார்கள்.

நான் இப்போது எழுத உட்கார்ந்தது செவலைக்காக. ஜட்காவில் பூட்டுகிற நம் குதிரையை விற்றுவிடலாமா என்று கேட்டு அப்பா உனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தாத்தா அதை உன் பெயர் சொல்லி வாங்கியதால் உன் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டார், அந்த நியாயம் அவரிடம் உண்டு. ஆனால் அவர் பாதிதான் எழுதியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து செவலை பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து ரத்தமாக்கிக்கொண்டது. மயிர் கொட்டித் தோல் தடித்துவிட்டது. சொறி என்று ஊரில் பேச்சு கிளம்பி, பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் நம் வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். டீக்கடை முனியம்மாள் என்னை நிறுத்தி, "இன்னா டீச்சரம்மா, அத்தத் தொட்ட கையாலதான் புள்ளைங்க நோட்டத் திருத்திக்கினு கீறியா" என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டாள். எனக்குச் சொறி வந்தால் முதல் டீ உன் கடையில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

காஞ்சிபுரத்திலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். இது சொறியே இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றார். எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி ஈரச் சேற்றில் பெருகி, பொழுது சாய்கிற வேளையில் கூட்டமாக வந்து கடிக்கிறதாம், சில குதிரைகளுக்கு அந்தக் கடி ஒத்துக்கொள்ளாமல் இப்படி அரிக்குமாம். துத்தநாகப் பொடியும் வேப்பெண்ணெயும் சேர்த்த களிம்பைக் கனமாகப் பூசினால் பூச்சியின் வாய் தோலுக்கு எட்டாது, இது ஆற்றுகிற மருந்தில்லை, மறிக்கிற மருந்து என்று சொல்லிக் கொடுத்தார். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் நானே பூசினேன். ஒன்றும் குறையவில்லை. அப்பா தரகர் கோதண்டத்துக்குச் சொல்லி அனுப்பியது அப்போதுதான். வாலாஜாபாத் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் வண்டி இழுக்கக் கேட்கிறார்கள் என்று கோதண்டம் வந்து நின்றார். இந்தப் புண்ணோடா என்றேன். "முடி இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னாமா, செங்கல்லு பாத்துக்கினா இருக்கப் போவுது" என்றார். லீலா சரி என்றால் பார்க்கலாம் என்று அப்பா அவரை அனுப்பிவைத்தார். 

இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் விளக்கு வைக்கும் முன்பே ஏரிக்கரை வழியாக வந்தேன். நம் ஜட்கா வண்டிக்காரர் அப்பாவு செவலையை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, வைக்கோல் சுருணையால் என் களிம்பையெல்லாம் வழித்துக்கொண்டிருந்தார். பிறகு கரையில் கட்டி உலர விட்டார். அதன் முதுகுக்கு மேல் புகை மாதிரி ஒரு கூட்டம், கிட்டப் போனால்தான் பூச்சி என்று தெரிகிறது. ஏன் என்றேன். "ஓடி வந்த குதிரைய வேர்வையோட லாயத்துல கட்டினா வூட்டுக்கே தரித்திரம்மா, எங்கப்பன் காலத்துலேந்து இந்நேரத்துக்குத்தான் தண்ணி காட்டுறோம்" என்றார். அவர் செய்வதை அவர் செய்தார், நான் செய்வதை நான் செய்தேன், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. காலையில் குளித்ததும் மருந்து போடுவது நம் வீட்டுப் பழக்கம், யோசிக்காமல் அதே வேளையில் குதிரைக்கும் பூசியிருக்கிறேன். பூச்சி வருகிற நேரத்துக்கு அதன் மேல் ஒரு பொட்டுக் களிம்பும் இருந்ததில்லை.

இப்போது அப்பாவு உச்சிவெயிலில் குளிப்பாட்டுகிறார், பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டுத் திருத்த உட்காராமல் மாடு திரும்புவதற்குள் நான் வந்து பூசுகிறேன். என் பழைய நூல் புடவையை மடித்துத் தைத்துக் கழுத்துக்கு ஓர் உறை போட்டிருக்கிறேன். ஏரிப் பக்க லாயத்தை விட்டுக் பூச்சி நிற்காதபடி காற்றடிக்கிற களத்து மேட்டில் கட்டுகிறோம். தேய்ப்பது குறைந்துவிட்டது, பிடரியில் முள் முள்ளாக மயிர் எட்டிப் பார்க்கிறது. நேற்று அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் தலைக்கும் கொஞ்சம் பூசேன்" என்றார். ஆனாலும் தரகருக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை, லீலா எழுதட்டும் என்கிறார். புதிய மயிர் முழுதாக வருமா, அடுத்த மழைக்கு மறுபடி அரிக்குமா என்று எனக்கும் தெரியாது. தெரிகிற வரைக்கும் பூசுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, விடுதிச் சாப்பாடு காரம் என்று பட்டினி கிடக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உடம்பும் மனமும் தெளிவாக இருக்க நம் தெய்வம் துணை நிற்கட்டும். கார்த்திகை தீபத்துக்கு முன் கிடைக்கும்படி அப்பாவுக்கு உன் கையால் எழுது, அம்மா சொன்னாள் என்று எழுதாதே. குதிரை உன்னுடையது, முடிவும் உன்னுடையது. கொடுத்துவிடலாம் என்று நீ எழுதினாலும் கோபப்பட மாட்டேன். சூளையிலும் ஈரமண் இருக்கிறது, அங்கேயும் பூச்சி வரும், பள்ளிக்கூடம் விட்டதும் களிம்பை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உன் பிரியமுள்ள அம்மா,
ராஜாமணி