ரோஜாவைச் சாலமோன் தொடக்கூடாது

சவரியம்மா,

இந்தக் காலத்தில் எவனுக்கும் தன் வீட்டுச் செடி போதவில்லை, அடுத்தவன் செடிக்கும் வைத்தியம் பார்க்க வந்துவிடுகிறான். பக்கத்து வீட்டுச் சாலமோன் வந்தால் வாசலோடு அனுப்பு.

ரோஜாவுக்கு மண் காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்று. மீன் கழுவின தண்ணீரில் நல்ல தண்ணீர் கலந்து, தண்டுக்கு ஒரு சாண் தள்ளி ஊற்று. இதை அவன் சொல்லவில்லை. அவன் செடி மண்ணை மோந்து நானே கண்டுபிடித்தேன்.

"சாலமோன் அண்ணன் கை பட்டா குச்சிகூட பூக்குது, நீ இன்னா பண்ண?" என்று நேற்று கேட்டாயே, அது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

சாவி மாடத்தில் இருக்கிறது. வாலாஜாபாத் போய்ச் சாயங்காலம் வருவேன்.

இப்போதுதான் பார்த்தேன். போன மாதம் அவன் நறுக்கிவிட்ட கிளையில் மொட்டு விட்டிருக்கிறது. நான் ஊற்றின தண்ணீரால்தான். நீ என்ன சொன்னாலும் நம்பமாட்டேன். பஸ்ஸுக்குப் போகிறேன்.