உன் மகளின் முழு உதவித்தொகை

பழைய சிநேகிதிக்கு,

உதவித்தொகைத் தேர்வில் என் விடைகளைப் பார்த்து எழுதியவள் நீ. பிடிபட்டதும், நான்தான் காப்பியடித்தேன் என்று வாய்கூசாமல் சொன்னாய். என்னை வெளியே அனுப்பினார்கள். நீ கல்லூரிக்குப் போனாய்.

போன வருடம் உன் மகள் என் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். யார் பெண் என்று தெரிந்தும் ஒரு குறையும் வைக்காமல் சொல்லிக்கொடுத்தேன். இன்று காலை முடிவு வந்தது. முழு உதவித்தொகை.

"அம்மாவும் இந்தப் பரீட்சையிலதான் ஜெயிச்சாங்க. நீங்க எழுதலையா மிஸ்?" என்று கேட்டாள்.

"எழுதினேன்மா" என்று தொடங்கி, எதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள்.

அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நிதானமாகப் படி. நீ தலைநிமிரும்வரை அவள் எதிரிலேயே நிற்பாள்.

இப்படிக்கு,
உன் மகளின் கணக்கு மிஸ்