தேக்கு காயும் வரைக்கும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்குப் புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம், மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். நான் அழுதுகொண்டு வந்தேன், உன் அப்பாவோ வரும் வழியில் மரக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் மக்கிப்போனது உனக்குத் தெரியும்தானே, அதற்குப் புதுப் பலகை பார்க்க வேண்டுமாம். இந்த மனுஷனை என்ன சொல்ல.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. வகைக்கொரு துண்டு வாங்கி வந்து பரீட்சை வைக்கிறார். பைன் மரத் துண்டைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டார், துணி ஊறவைக்க எனக்கு வாளி இல்லை. அது உப்பிவிட்டது, கழித்துவிட்டார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை மக்காது, கரையானும் தொடாது என்று கடைக்காரர் வாய் ஓயாமல் சொன்னார், உன் அப்பா அதை மதிய வெயிலில் போட்டு வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்துவிட்டு, பேரன் கால் வெந்துபோகும் என்று அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் தேக்குதான் என்று முடிவு, பேரன் கல்யாணம் வரைக்கும் அசையாமல் நிற்குமாம். ஆனால் கடையில் இருப்பது பச்சை மரம், இப்போதே அடித்தால் முறுக்கிக்கொள்ளும், மழை முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு அடிக்கலாம் என்றார் கடைக்காரர். சரி காத்திருப்போம் என்று இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

இதில் இன்னொரு கூத்து, புதுப் பலகை வரும் முன்னாலேயே பழையதை எல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டாயிற்று. அவசரக்குடுக்கை என்று அவரை நான் சும்மாவா சொல்வேன். இப்போது பின்கதவைத் திறந்தால் இடுப்பளவு பள்ளம், கீழே சேறும் ஆணியும். தினமும் சாயங்காலம் அங்கே காற்றாட உட்கார்ந்த மனுஷன் கட்டிலில் கிடந்து பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பைனையே வாங்கி உடனே அடித்துவிடலாம், ஒரு வருஷமாவது தாங்கும் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கா வீடு கட்டினேன், பையன் வந்து இருக்கப்போற வீடு இது என்று எரிந்து விழுந்தார்.

தம்பி, நீ அங்கேயே வீடு வாங்கிவிட்டாய், இனி இங்கே வந்து இருப்பதாக இல்லை என்று என்னிடம் சொன்னதை நான் இன்னும் அவர் காதில் போடவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் பிழைப்பு அங்கே. ஆனால் சொல்லலாம் என்று போகும்போதெல்லாம் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். நீயே சொல்லிவிடப்பா. சொன்னால் உடைந்துபோவார், எனக்குத் தெரியாதா. சொல்லாவிட்டால் அந்தக் கட்டிலில் கிடந்தபடியே மரம் காயக் காத்திருந்து போய்விடுவார். தேக்கு உங்களுக்காக. அவர் ஒருத்தருக்கு என்றால் பைனே போதும், அவரைவிட அதிக நாள் இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். மறக்காமல் காலையில் கூப்பிடு, அப்போதுதான் அவருக்கு வலி கொஞ்சம் அடங்கியிருக்கும். பேசும்போது பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, அவன் குரல் கேட்டால் அப்பா மறுபடியும் காத்திருக்கலாம் என்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா