உன் முரசின் தோல் இறுக்கமாகவே இருக்கிறது

செயின்ட் தாமஸ் குன்று,
ஏப்ரல் 29

அன்பு மகன் டெஸ்டாவுக்கு,

நம் தேவன் ஜாவின் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், கனடாக் குளிர் உன் நெஞ்சில் இறங்காமலிருக்கத் தினமும் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். நாம் தெய்வமாய் வணங்கும் பேரரசர் நம் தீவு மண்ணில் கால் வைத்த நாளின் கூடுகை ஏழு நாளும் நடந்து முடிந்தது. வந்தவர்கள் கூடுகையை நடத்தும் மூத்தவர் ராஸ் எலியாக்கீம், சகோதரர் ஊரியேல், சகோதரி மர்லீன், அவளுடைய இரட்டைப் பிள்ளைகள், பக்கத்துப் போர்ட்லேண்டிலிருந்து பதினொரு பேர், நம் குன்றுக்காரர்கள் இருபத்துமூன்று பேர், அப்பா, நான். ஆக நாற்பத்தொன்று. நோட்டில் நாற்பத்திரண்டாவது வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன், அது உன்னுடையது.

முதல் நாளே மழை. ஏழு நாளும் எரிய வேண்டிய தீ அணையக் கூடாதென்று அப்பா தகரத்தைப் பிடித்துக்கொண்டு நனைந்தார், இப்போது கொஞ்சம் இருமல். ஜாவுக்கென்று நேர்ந்து வளர்த்த சடையை வேலைக்காக நீ வெட்டிக்கொண்ட படம் இங்கே எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பார்த்து அழுதேன், மறைக்கவில்லை. எலியாக்கீம் என்னிடம், சடையும் போச்சு ஆளும் போயிட்டான், அவன் முரச ஊரியேலுக்குக் கொடுத்துடு சிஸ்டர் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். கூடுகையில் பெண்கள் முரசு அடிப்பதில்லை, அந்த ஒழுங்கை நான் மீறவில்லை. ஆனால் தோலை அனலில் காட்டக் கூடாதென்று எவரும் சொன்னதில்லையே. ஏழு நாளும் காலையில் உன் முரசைத் தூக்கிப் போய்த் தோல் தளராதபடி தீயருகே திருப்பித் திருப்பிக் காட்டி, உன் இடத்திலேயே வைத்தேன். விட்டா முரசுக்குச் சோறும் ஊட்டுவா இவ என்று மர்லீன் சிரித்தாள். உப்பில்லாத கீரையும் சீமைப்பலாவும்தானே, அதுக்கும் செரிக்கும்டி என்றேன்.

ஏழாம் நாள் எலியாக்கீமே வந்து தோலைத் தட்டிப் பார்த்தார். ஒம் பிடிவாதம் தோலுல கேக்குது, ஜூலை இருபத்துமூணு, பேரரசர் பொறந்தநாள் வரைக்கும் பொறுக்கறேன், அன்னைக்கு வந்து உக்காந்தா அவனோடது, இல்லன்னா ஊரியேலோடது என்றார். ஊரியேலோ, எனக்கென்ன அவசரம், அவன் வந்து அடிச்சா நான் ஆடிட்டுப் போறேன் என்றான்.

வெட்டின தலையோடு எப்படி வந்து உட்காருவது என்று கூசாதே. சிவப்பு, பொன், பச்சை நூலில் குல்லாய் பின்னி முடித்துவிட்டேன். உள்ளே இடம் தாராளமாக விட்டிருக்கிறேன், முடி வளர வளர நிறையும்.

பாகல் இலைத் தேநீர் குடிக்க மறக்காதே. ஜா உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். ஜூலையில் வருகிறாயா என்று இந்த வாரமே பதில் எழுது.

உன் அம்மா,
திர்சாள்