வியாழக்கிழமைகளில் உன் அப்பா போன இடம்

கூனாரா சாலை, கிப்ஸ்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிறகு

அன்பு மகள் கெரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கனடாவின் குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று மட்டும்தான் சொல்லமுடிகிறது, ஏனென்றால் இந்த வீட்டில் யார் "சுகம்" என்றாலும் இப்போதெல்லாம் அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை. மாடுகளை விற்றபோது நிறுத்திக்கொண்ட இரண்டில் ரூபி கன்று போட்டிருக்கிறாள், பெண் கன்று. வாசல் மரத்தில் மேக்பைப் பறவை கூடு கட்டியிருக்கிறது, தபால் பெட்டிக்குப் போகும்போதெல்லாம் மண்டையைக் கொத்த வருகிறது என்று தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போகிறேன். இனி அப்பா விஷயம். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அடுப்பில் எதையும் வைக்காமல் உட்கார்ந்து படி.

ட்ரெகென்சா குடும்பம் விற்றுவிட்டுப் போன பண்ணையை இல்டிகோ என்ற ஹங்கேரிக்காரி வாங்கினாள் அல்லவா, அறுபது வயது இருக்கும், ஆண்பிள்ளை பூட்ஸ், முடியில் எப்போதும் கல்தூசி. அந்தக் குன்று முழுவதும் சிலைகளை நிறுத்திப் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டாள். ஆடு மேய்ந்த இடத்தில் துருப்பிடித்த இரும்பு ஆடுகள் நிற்கின்றன, மெல்போர்ன்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் உன் அப்பாதான் ஊரிலேயே அதிகம் கேலி செய்தவர். "ட்ரெகென்சா கெழவன் அந்த மேட்டுல கல்லப் பொறுக்கியே செத்தான், இவ என்னடான்னா லாரி வச்சுத் திரும்பக் கொண்டாந்து எறக்குறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனுஷன் குளிர்காலம் பாதியில் ஒரு வியாழக்கிழமை அங்கே போனார். அடுத்த வியாழனும் போனார். கேட்டால் வேலி சரிசெய்ய ஆள் கேட்டாள் என்றார். வேலி சரிசெய்யப் போகிறவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போவாரா, நீயே சொல். நானும் வருகிறேன் என்றால், "ஒனக்கு முட்டி வலி, மேடு ஏற முடியாது" என்பார். என் முட்டிமேல் அவருக்கு அத்தனை கரிசனம் வந்ததே எனக்கு முதல் சந்தேகம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. காலையில் செய்தித்தாளைத் தொடுவதில்லை, அதில் ஒன்றும் இல்லை என்கிறார், ஆனால் கால்பந்து முடிவை மட்டும் என்னைப் படிக்கச் சொல்கிறார். மன்றத்துச் சீட்டாட்டத்தை விட்டுவிட்டார். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்க்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் என்று முடிவு கட்டினேன். வியாழக்கிழமை திரும்பி வந்தால் உள்ளங்கையில் பித்தளை வாசம், சட்டை முனையில் துருக்கறை. போதாததற்கு தபால் கடை மேவிஸ், எடைத் தராசில் உன் அண்ணிக்கு அனுப்பும் பொட்டலத்தை வைத்துவிட்டு, "ஏண்டி நோலீன், ஒன் வீட்டுக்காரரு அந்த ஹங்கேரிக்காரி கையப் புடிச்சுக்கிட்டு மேட்டுல நடந்து போறாராமே, சிலைதான் பாக்குறாங்களோ, இல்ல சிலை பேரச் சொல்லிட்டு வேற ஏதாச்சுமோ" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். வீட்டு வாசலில் வாளியைக் கவிழ்த்துக்கொள்ள மறந்துபோய் மேக்பையிடம் கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

போன வியாழக்கிழமை அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வெட்கம்தான், இந்த வயதில் புருஷன் பின்னால் வேவு பார்ப்பது. அவருடைய பழைய பிக்கப் வண்டி நடுச்சாலையில் தவழ்ந்து போனது. எதிரே பால் லாரி வந்து அலறு அலறு என்று அலறியபிறகுதான் ஓரம் கட்டினார். காதல் மயக்கம் பார் என்று எனக்கு நானே சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் புத்தி அன்று அப்படித்தான் வேலை செய்தது.

பூங்காவில் கூட்டம் இல்லை. மேலே ஏறிப் போனேன், முட்டி ஒன்றும் செய்யவில்லை, கோபம் தூக்கிக்கொண்டு போனது. ஓட்டை போட்ட கருங்கல் ஒன்று, கவிழ்ந்த படகு மாதிரி மரம் ஒன்று, எல்லாவற்றையும் தாண்டி உச்சியில் யூகலிப்டஸ் நிழலில் ஒரு பெரிய கல் பெண், தோளுக்குமேல் மட்டும், மண்ணிலிருந்து எழுந்து வருகிறவள் போல. உன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். நெற்றி, மூக்கு, உதடு என்று மெல்ல மெல்ல. இல்டிகோ அவர் கைமேல் தன் கையை வைத்து எங்கேயோ நகர்த்தினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். கெரின், என்னை அவர் அப்படித் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்பதை மகளுக்கு எழுதக்கூடாது. நான் "ராய்ஸ்!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்குச் சற்றுத் தள்ளி, கோட்டுப் போட்ட மாதிரி ஒரு இரும்புச் சிலை நிற்கிறது, என் உயரம்தான் இருக்கும். அதைப் பார்த்து, "நோலி, நீயாம்மா? எப்ப வந்த, முட்டி வலிக்கலயா?" என்று கேட்டார். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவர் அந்த இரும்பைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டடி எடுத்துவைத்து அதன் தோளில் கை வைத்தார். இரும்பு என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்புறம் புல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்திருக்கிறதாம், ஓரங்கள் தெரிகின்றன, பார்க்க நினைக்கிற இடம் மட்டும் தெரிவதில்லை. மெல்போர்னில் கண் டாக்டர் குளிர்காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம், அது இனி திரும்பாது, பரவத்தான் செய்யும் என்று. டிராக்டர் பாகம் வாங்கப் போகிறேன் என்று போனாரே, அந்தப் பயணம்தான். "ஒன் தொப்பி தெரியுது, தோள் தெரியுது, மூஞ்சி மட்டும் புகையா இருக்கு நோலி" என்றார். அந்தப் பூங்காவில் எந்தச் சிலையையும் தொடலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், முதல் தடவை சும்மா போனவர் ஒரு கல் முகத்தைத் தொட்டிருக்கிறார், அது எப்படிப்பட்ட முகம் என்று விரலுக்குத் தெரிந்ததாம். அதிலிருந்து வாராவாரம் முகம் பழகுகிறார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. "வீட்டுல ஒரு மூஞ்சி இருக்கே, அதத் தொட்டுப் பழகினா ஆகாதா?" என்று கேட்டேன். அதற்கு உன் அப்பா, "ஒன்னத் தொட்டா ஏன்னு கேப்பியே" என்றார்.

நான் இல்டிகோ பக்கம் திரும்பினேன். "கண்ணு தெரியாதவர வண்டி ஓட்ட விட்டியே, ஒனக்கு மனசாட்சி இருக்கா?" என்று சத்தம் போட்டேன். "பொண்டாட்டி வாசல் கேட்டுல எறக்கிவிட்டுட்டுப் போறாங்கன்னுதானே சொன்னாரு, நீங்க உள்ள வரப் பிரியப்படலன்னும் சொன்னாரு, சிலைன்னா ஒங்களுக்குப் புடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். வண்டியை வளைவுக்குப் பின்னால் மரத்தடியில் மறைத்து நிறுத்துவாராம். எனக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய், நடுச்சாலையில் பால் லாரி. யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இல்டிகோவைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் பொய் என்று மேவிஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன், ஆனாலும் இல்டிகோ தரும் கேக்கை இன்னும் கொஞ்சம் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டேன். குழந்தை மாதிரி உடனே கொடுத்தார், அதுவே சந்தேகமாக இருந்தது. தேடினேன், மாட்டுக்கொட்டகையில் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் இன்னொரு சாவி இருந்தது. "அத நான் மறந்தே போயிட்டேன்" என்கிறார். நம்பவில்லை. வண்டியை அடுத்த வாரம் மேவிஸின் மருமகன் இழுத்துக்கொண்டு போகிறான். இப்போது என்ன சொன்னாலும் சோதிக்கிறேன். வானத்தில் பருந்து போகிறது என்கிறார், நிமிர்ந்து பார்த்தால் உண்மையிலேயே போகிறது, ஓரத்தில் தெரிகிறதாம், அல்லது சத்தம் கேட்டுச் சொல்கிறாரா, தெரியவில்லை. இன்று மதியம் ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டு முடித்தபின் தயங்கித் தயங்கி என் முகத்தில் கை வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. நெற்றிவரை வந்து நிறுத்தி, "இங்க ஒரு மடிப்பு புதுசா இருக்கே, எப்ப வந்துது?" என்றார். வியாழக்கிழமை என்றேன்.

உனக்குத் தெரியவேண்டாம், தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று கெஞ்சினார். நான் சரி என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், இந்த வீட்டில் எல்லோரும் மறைத்தது போதும். வேலையை விடாதே. கூப்பிடும்போது கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, சிலை எப்படி இருக்கிறது என்று கேள், தானே சொல்வார். உள்ளூர் டாக்டரிடம் நேற்று அழைத்துப்போனேன். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு, பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார் அவர். போன தடவை தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, நான் காட்டிய படத்தைப் பார்க்க நீ ஏன் திரையை அப்படி மூக்கருகே கொண்டுபோனாய்? கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா, சுகமாத்தான் இருக்கேன்" என்றாய், அச்சு அசலாக உன் அப்பாவின் குரல். இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று நீ உன் வாயால் சொல்லவேண்டாம், அவர் தரும் தாளைப் படம் பிடித்து அனுப்பு.

கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவும் ஆசி சொல்கிறார், அதாவது சொல்வார், இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னபிறகு.

உன்னை நம்பாத, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா நோலீன்