பிடரியில் வலிக்காத ஒரு தடிப்பு

என் வாய்க்கு ஈடு கொடுத்த மதினிக்கு,

நீ போன பிறகு இரண்டு திராட்சை அறுவடை முடிந்துவிட்டது. ஓடைப்பட்டியில் எல்லாரும் நலம். உன் புருசன், அதான் என் அண்ணன், இப்போது தானே காப்பி போடுகிறார். குடித்துப் பார்த்தேன். நீ புண்ணியம் செய்தவள், தப்பித்துக்கொண்டாய்.

இப்படிச் சொன்னால் அங்கன இருந்து ஒரு ஏச்சு வரணுமே, ஏன் வரவில்லை?

உனக்குச் சொரியாசிஸ் வந்து உடம்பெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தபோது, தேனி ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்கு வருவேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பீரோ மாதிரி இருக்கும் லைட்டுப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பாய். "என்ன மதினி, கூலிங்கிளாஸ் எல்லாம் போட்டு எங்கிட்டுக் கிளம்பிட்ட?" என்பேன். "உங்க அண்ணன விட்டுட்டு ஓடப் போறேன், நீயும் வாரியா?" என்பாய். தோலும் தெளிந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வந்ததால், வருசக்கணக்கில் அந்த வெளிச்சத்தில் நின்றாய்.

அப்புறம்தான் பிடரியில் அந்தத் தடிப்பு. திராட்சைப் பந்தலுக்கடியில் வேலை செய்கிற நம் எல்லாருக்கும், அடித்த பூச்சிமருந்து சொட்டிக் கழுத்து தடிப்பதுதானே? தேங்காயெண்ணெய் தடவினோம். "வலிக்கவே இல்லடி. பந்தல்ல காய்ப்பு இல்லைன்னு எங் கழுத்துல காய்க்குது" என்றாய். நிறமும் பன்னீர் திராட்சை நிறம்தான். இரண்டு பேரும் சிரித்தோம். அரிதாக வருகிற தோல் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னபோது, அது கழுத்துக்குள்ளே இறங்கியிருந்தது. வலித்திருந்தால் ஓடியிருப்போமே மதினி. வலிக்காமல் ஏன் வந்தது?

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் மகள் கவிதாவுக்கும் அதே சொரியாசிஸ், உள்ளங்கையில். வெடிப்பில் இரத்தம் கசிவதால் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குகிறாள். களிம்புக்குக் கேட்கவில்லை. லைட்டு வைக்கலாம் என்று தேனி டாக்டரம்மா சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டாள். "எங்கம்மாவத் தின்ன பொட்டி அது. நான் வரமாட்டேன் அத்தை."

நான் டாக்டரம்மாவிடமே கேட்டேன். "அதனாலதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அந்த மாத்திரையோட லைட்டும் வருசக்கணக்கா எடுத்தா ஆபத்து கூடும். இந்தப் பொண்ணுக்கு மாத்திரை இல்லாத வேற லைட்டு, அளவாத்தான். தோலை மட்டும் விடாமப் பாத்துக்கிட்டே வரணும்" என்றார்கள்.

கவிதாவிடம் அப்படியே சொன்னேன். நேற்று, தூங்கிய பிள்ளையைத் தொட்டிலில் போட என்னைக் கூப்பிட்டாள். கையில் சுற்றிய துணி நனைந்திருந்தது. "முதுகு, பிடரியெல்லாம் எனக்குத் தெரியாதே அத்தை. யாரு பாப்பாக?" என்றாள்.

"நான் இருக்கேன்ல ஆத்தா" என்றேன். செவ்வாய்க்கிழமை தேனிக்குப் போகிறோம்.

மதினி, உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். மாதம் பிறந்தால் அவளை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, முடியை ஒதுக்கிப் பார்ப்பேன். கடுகளவு தடிப்பு இருந்தாலும், வலிக்கவில்லை என்று அவள் சிரித்தாலும், நான் சிரிக்க மாட்டேன். அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

கவிதாவின் அத்தை,
உன் நாத்தனார்.