சரிவில் அளந்த பெட்ரோல்

வாமேனா, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

செவ்வாயன்று ஒரு சின்ன விஷயம். மலைக் கிராமத்து ஓடுதளம் கூரைபோலச் சரிந்திருக்கும். என் ஆறு இருக்கை விமானத்தை அங்கே நிறுத்தி, இறக்கைத் தொட்டிகள் இரண்டிலும் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, இருப்பதைவிட அதிகம் காட்டியது. அதை நம்பிக் கிளம்பிவிட்டேன். கணவாய்க்கு முன் எஞ்சின் திணறி வலுவிழந்தது. பின்னால் நான்கு பேர்.

பக்கத்து இருக்கையில் கிழங்கு மூட்டையோடு யோசினா அக்கா.

"என்ன தம்பி, வண்டி இருமுது?"

"குளிர்தான் அக்கா."

"பொய் சொல்லாத. உன் காதெல்லாம் வேர்க்குது."

பெட்ரோல் திருகியை அடுத்த இறக்கைத் தொட்டிக்கு மாற்றினேன். ஏழு வரை எண்ணினேன். அதன் பிறகே எஞ்சின் பிடித்தது. இறங்கியபின் அளந்தால், பத்து நிமிடத்துக்குத்தான் பெட்ரோல் மிச்சம்.

அக்கா தந்த கிழங்கை அறையில் தனியாகத் தின்றேன்.

அப்பாவின் தச்சுப் பெட்டியிலிருந்து சின்ன ரசமட்டத்தை அனுப்புங்கள். இனி விமானம் சமமாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் அளப்பேன். அப்பா கேட்டால், அலமாரி மாட்டுவதற்கு என்று சொல்லுங்கள். தபால் பை கிளம்புகிறது.

ரீவோ